பத்து ராத்தல் படுக்கை

மேட்டுப்பட்டி,
அன்னவாசல் வழி.
9-2-1959

அன்பு மகன் ஆத்மநாதனுக்கு உன் ஆத்தா செங்கமலம் சொல்லச் சொல்ல, உன் தங்கை அமராவதி எழுதும் கடிதம். இங்கே நானும் உங்க அய்யாவும் அமராவதியும் கறவை மாடும் போன வாரம் அது ஈன்ற கன்றும் சுகமாக இருக்கிறோம். பட்டணத்தில் நீயும் சுகமாக இருந்து, வேளைக்குச் சாப்பிட்டு, சாப்பிடாத நாளில் சாப்பிட்டேன் என்று பொய் எழுதாமல் இருக்க வேண்டும். (அண்ணே, முதலிலேயே ஒரு சேதி. இப்படி அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. எழுதி முடித்ததும் ஆத்தா வாசிக்கச் சொல்லும்போது இந்த இடங்களைத் தாண்டிக் குதித்துவிடுவேன். நீ குதிக்காமல் படி.)

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, நீ கேட்ட படுக்கைதான். கல்லூரி வாத்தியாரோடு எட்டுப் பேர் செடி சேகரிக்கக் கிளம்புகிறோம், மாசியில் ராஜஸ்தான் பாலைவனம், சித்திரை வைகாசியில் அஸ்ஸாம் மழைக்காடு, ஆனி ஆடியில் காஷ்மீர் மலை, போகிற இடமெல்லாம் நடை, அவனவன் மூட்டை அவனவன் முதுகில், படுக்கை மட்டும் பத்து ராத்தலைத் தாண்டக் கூடாது, வெயில் மழை பனி மூன்றுக்கும் சேர்த்து ஒரே படுக்கையாக என்ன கொண்டுபோகலாம், யோசித்துச் சொல் ஆத்தா என்று எழுதியிருந்தாய். உங்க அய்யா அதைக் கேட்டுவிட்டு, நம்ம கொல்லையில மொளைக்காத செடியா, அதைப் புடுங்கச் சொன்னா மட்டும் இடுப்பு வலிக்குதும்பான், இப்ப புடுங்குறதுக்குக் காஷ்மீர் போறானாக்கும் என்றார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். படித்த பிள்ளை, காரணம் இல்லாமல் போக மாட்டாய். ஆனால் பத்து ராத்தல் என்று சொன்ன அந்த வாத்தியாரைப் பெற்றவள் உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும் விசாரித்து எழுது.

நான் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே ஒரு இலவம்பஞ்சு மெத்தை, தலைக்கு ஒன்று காலுக்கு ஒன்று கட்டிக்கொள்ள ஒன்று என்று மூன்று தலையணை, மணல் ஒட்டாமலிருக்கக் கோரைப்பாய், பாய் குத்தாமலிருக்க ஜமக்காளம், போர்வை இரண்டு, கொசுவலை ஒன்று, இவ்வளவையும் கட்டிக் கடலை மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினேன். ஐம்பத்து மூன்று ராத்தல் வந்தது. கொசுவலையை எடுத்துவிட்டேன், ஐம்பத்தொன்று. உங்க அய்யா கடலை உரித்துக்கொண்டே, இன்னும் கட்டில் ஒண்ணுதானே பாக்கி, அதையும் வச்சுக் கட்டு, பய பாலைவனத்துல கடை போட்டுப் பொழைச்சுக்குவான் என்றார். பிறகு அவராகவே ஒரு யோசனை சொன்னார். அவர் வாலிபத்தில் கடலைக் காட்டுக் காவலுக்குப் போகும்போது ஒரே ஒரு சாக்குதானாம். மேலே படுத்தால் பாய், உள்ளே புகுந்தால் போர்வை, மடக்கினால் தலையணையாம். பெத்த பிள்ளையைச் சாக்குல போட்டுக் கட்டச் சொல்றீங்களே, நீங்க ஒரு தகப்பனா என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (பேசாத அந்த இரண்டு நாளும் ஆத்தாவுக்குப் பொழுது போகவில்லை. காஷ்மீர்ப் பனி பற்றி என்னிடம் கேட்டது. பூகோளப் புத்தகத்தைப் பார்த்து, அங்கே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் என்றேன். ஆத்தாவுக்குத் தெரிந்த பனி புல் நுனியில் நிற்கிற பனி. முழங்கால் உயரத்துக்கா, அப்ப புல்லு எவ்வளவு உசரம்டி இருக்கும், மாட்டைக் கொண்டு போகலாமே என்றது.)

கடைசியில் கம்பளி இல்லாமல் ஆகாது என்று முடிவுக்கு வந்தேன். நம் வீட்டுக் கம்பளியை எலி தின்று, இப்போது அது எலிக்குத்தான் உதவும். இலுப்பூரில் என் தம்பி பிச்சைமுத்து பாய் ஜமக்காளக் கடை வைத்திருக்கும்போது வேறு எங்கே போவேன், அமராவதியைக் கூட்டிக்கொண்டு வண்டி கட்டிப் போனேன். இனி நடந்ததைக் கவனமாகப் படி. நம் வகையறாவில் பெண் கேட்கிற முறை உனக்குத் தெரியும், பட்டணத்தில் மறந்திருந்தால் சொல்கிறேன். பெண்ணைக் கொடு என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. தை மாதத்து வெள்ளிக்கிழமையில் பையனைப் பெற்றவள் வெற்றிலை பழத்தோடு போய், இன்னாருக்குப் படுக்கை வேண்டும் என்பாள். இருக்கிறது என்றால் சம்மதம். இன்னும் பஞ்சு வரவில்லை என்றால் சம்மதம் இல்லை, யாருக்கும் மனவருத்தமும் இல்லை, காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். நான் போனது தை மாதம். கிழமை வெள்ளி. பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு சீப்புப் பழமும் கையில் இருந்தன. மனமெல்லாம் உன் பாலைவனத்தில் இருந்ததால் கிழமையும் தெரியவில்லை, மாதமும் தெரியவில்லை. கடை வாசலில் நின்றபடியே, தம்பி, ஆத்மநாதனுக்குப் படுக்கை வேணும்டா என்றேன்.

பிச்சைமுத்து ஒரு ஆளுக்கு ஜமக்காளம் அளந்துகொண்டிருந்தான். கையிலிருந்த கெஜக்கோல் கீழே விழுந்தது. இருக்குக்கா, எம் மக செவந்தி பொறந்த அன்னைக்கே எடுத்து வச்சிட்டேன், நீதான் கேக்கவே மாட்டேன்னு இருந்தே என்று சொல்லி, கடைக்கு வந்த ஆள் முன்னாலேயே அழுதான். நான், மருமகன் கண்காணாத காட்டுக்குப் போகிறானே என்றுதான் தம்பி அழுகிறான் என்று நினைத்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதோம். உன் அத்தை உண்ணாமலை உள்ளேயிருந்து சீனியும் சந்தனக் கிண்ணமும் கொண்டுவந்து நீட்டியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. சிரிக்கிற முகத்தைப் பார்த்து, நான் உன் பெண்ணைக் கேட்க வரவில்லையடா, கம்பளி கேட்க வந்தேன் என்று எப்படிச் சொல்வேன். வாயை மூடிக்கொண்டேன். (ஆத்தாவுக்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது அண்ணே. கெஜக்கோல் விழுந்தபோதே புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் வேறு வேறு காரணத்துக்குக் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் என் வாயிலும் சீனியைப் போட்டுவிட்டார்கள். இந்த ஒரு விளையாட்டுக்காக மட்டும் என்னைத் திட்டிக்கொள்.) திரும்பி வரும்போது நம் வண்டியில் நாங்கள் உட்கார இடமில்லை. இரண்டு பேர் படுக்கும் மெத்தை, நான்கு தலையணை, பவானி ஜமக்காளம், பாய், குறும்பர் நெய்த கருப்புக் கம்பளி ஒன்று, மேலே மழைக்கு மூட என்று ஒரு மெழுகுத்துணி. தாலி ஏறிய பிறகு வர வேண்டிய சீர், என் தம்பி அவசரத்தில் முன்னாலேயே ஏற்றிவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து நாள் குறிப்பதாகவும், நீ வடக்கே போவதற்கு முன் பரிசம் போட்டுவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினான். (சீர் கேட்காமலே வந்தது, நாங்கள் சீர்கெட்டு வந்தோம். அய்யா வாசலில் நின்று வண்டியைப் பார்த்து, ஒரு கம்பளிக்குப் போனீங்க, மருமகளை எங்க காணோம், மெத்தைக்குள்ள சுருட்டி வச்சிருக்கீங்களா என்றார்.)

மறுநாள் சனிக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், பஸ்ஸில் அன்னவாசல் வந்து இறங்கி அங்கிருந்து நடந்து, செவந்தியே வந்து நிற்கிறாள். படுக்கை கேட்ட வீட்டுக்குப் பெண் தானாக வரக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா. கையில் ஒரு துணிப்பை, முகத்தில் கோபம். என்னை நேராகப் பார்த்து, அத்தை, நீங்க என்னையக் கேட்டு வந்தீங்களா, கம்பளி கேட்டு வந்தீங்களா, உண்மையச் சொல்லுங்க என்றாள். கம்பளி கேட்டுத்தான் தாயி வந்தேன், ஆனா ஒன்னையக் கொடுத்தா வேணாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு அழுதாள். பள்ளிக்கூடப் படிப்பு முடித்தவள், ஆனியில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேரலாம் என்று விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். தகப்பன் கையெழுத்து வேண்டும். இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி கடைசி நாள். போன வாரம்வரை போடுகிறேன் போடுகிறேன் என்றிருந்தவன், நான் போய்விட்டு வந்த அன்றைக்கு, கட்டிக்கொடுக்கப் போற பிள்ளைக்குப் பயிற்சி எதுக்கு, சோத்துக்கு ஒலை வைக்கிறதுக்கு சர்டிபிகேட்டு கேக்குறாங்களா என்று சொல்லி விண்ணப்பத்தைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டிவிட்டானாம். சாவி எங்கே இருக்கும் என்று செவந்திக்குத் தெரியும், எடுத்து வந்துவிட்டாள். ஆனால் கையெழுத்தை எடுத்து வர முடியாதே. என் வாயை நான் மூடிக்கொண்டதால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடும் போலிருக்கிறதே என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

செவந்தி உன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். வெயில், மழை, பனி, பத்து ராத்தல் என்று விரலை மடக்கி எண்ணினாள். பிறகு உன் மாமன் கொடுத்த படுக்கையை முற்றத்தில் பிரித்து விரிக்கச் சொன்னாள். நாங்களும் விரித்தோம். துணிப்பைக்குள்ளிருந்து கடைக் கத்தரியை எடுத்து, நான் ஏய் ஏய் என்று கத்துவதற்குள் மெத்தையைக் குறுக்கே ஒரே வெட்டு. நம் வகையறாவில் கத்தரி பட்ட படுக்கை சீருக்கு ஆகாது. புதிதாகச் செய்ய வேண்டும், அதையும் இந்தத் தையில் மறுபடி கேட்க முடியாது, அடுத்த தை வர வேண்டும். அந்த முறை தெரிந்தேதான் வெட்டினாள். உங்க அய்யா எழுந்து வருகிறாரே, இரண்டு போடு போடப் போகிறார் என்று பார்த்தால், ஜமக்காளத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கோணலாப் போகுது தாயி, நேரா வெட்டு என்றார். (அதற்குப் பிறகு நடந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன் அண்ணே. பஞ்சு பறந்து கன்றுக்குட்டி வெள்ளையாகிவிட்டது. ஆத்தா தலையில் பஞ்சு உட்கார்ந்து பத்து வயது கூடிவிட்டது. இதுதான் ஆத்தா காஷ்மீர்ப் பனி என்றேன், அடிக்க வந்தது.)

இப்போது உன் படுக்கை விவரம் கேட்டுக்கொள். கம்பளியை நீளவாட்டில் மடித்து, அடியும் ஒரு பக்கமும் கோணி ஊசியால் தைத்திருக்கிறாள், தலைப்பக்கம் திறப்பு, அதை இழுத்துக் கட்ட ஒரு நாடா. உள்ளே புகுந்துகொள்ள வேண்டும். (சாக்கேதான். அய்யா இரண்டு நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறார்.) அதற்குள்ளே என் பழைய சுங்கடிச் சேலையைப் பை போலத் தைத்து வைத்திருக்கிறது. பாலைவனத்தில் பகலில் கண் அயரும்போது சேலைப் பையை மட்டும் உருவிக்கொள், இரவில் குளிர் இறங்கியதும் கம்பளியைச் சேர்த்துக்கொள். அஸ்ஸாமில் மெழுகுத்துணியை முதலில் விரித்து, அதன்மேல் கம்பளிச் சாக்கைப் போடு, அட்டை ஏறும் என்கிறார்கள், தலைப்பக்க நாடாவை இழுத்துக் கட்டிவிட்டுப் படு. மலையில் ஜமக்காளத் துண்டைக் கம்பளிக்கு அடியில் மடித்துப் போடு, குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் ஏறும். தலையணைக்கு உறை மட்டும் வைத்திருக்கிறோம், மாற்றுத் துணியை உள்ளே திணித்துக்கொள். ஈரக் கம்பளியை மடித்து வைக்காதே, வெயில் கண்ட இடத்தில் உதறிக் காயப்போடு. தராசில் ஏற்றியபோது பத்தேகால் இருந்தது. ஜமக்காளத்துக் குஞ்சத்தையும் ஓரத்தையும் வெட்டியபின் ஒன்பதேமுக்கால். (மீதிக் கால் ராத்தலை உன் தலைக்கனத்துக்காக விட்டுவைத்திருக்கிறோம்.)

வெள்ளிக்கிழமை உன் மாமன் பஞ்சாங்கத்தோடு வந்தான். மகள் இங்கே அத்தை வீட்டில் இருப்பதை அமராவதி கார்டு போட்டுச் சொல்லியிருந்தாள், கத்தரி விவகாரத்தைச் சொல்லவில்லை. (கார்டில் இடமில்லை.) முற்றத்தில் கிடந்த மெத்தைத் துணியைப் பார்த்ததும் நின்றவன் நின்றவன்தான். செவந்தியை ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்து, அக்கா, படுக்கையைக் கேட்டு வாங்கிட்டு வந்து அறுத்துப் போட்டிருக்கியே, இதுக்கு என்ன அர்த்தம் என்றான். செவந்தி வாயைத் திறந்தாள், நான் அவளைச் சும்மா இரு என்றேன். பிச்சைமுத்து, நான் அன்னைக்குப் பொண்ணு கேட்டு வரலைடா, கம்பளி கேட்டுத்தான் வந்தேன், நீ அழுததைப் பாத்து எனக்குச் சொல்ல வாய் வரலை, தப்பு என் மேலதான், பிள்ளைங்க மேல இல்ல என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எட்டு நாளாக விடாத மூச்சை விட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. அப்ப நான் கடையில அத்தனை பேருக்கு முன்னாடி அழுதது எந்தக் கணக்குலக்கா சேரும் என்றான். அதற்கு உங்க அய்யா, ஒங்க அக்காவும்தானே அழுதா, சரிக்குச் சரியாப் போச்சுன்னு வையுங்க மாப்ள என்றார். யாரும் சிரிக்கவில்லை. (நான் சிரித்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.)

காபியைத் தொடவில்லை. எழுந்து போகப் போனவன், வாசலில் கட்டி வைத்திருந்த உன் மூட்டையைக் கண்டு நின்றான். வியாபாரக் கை சும்மா இருக்குமா, குனிந்து தூக்கிப் பார்த்தான், தையலை இழுத்துப் பார்த்தான், யார் போட்ட முடிச்சு இது, திருச்சி தாண்டாது என்றான். நான்தாம்ப்பா என்றாள் செவந்தி. உட்கார்ந்து முழுக்க அவிழ்த்து, சாக்குப் போலத் தைத்திருந்த கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தான். இப்புடி ஒண்ணை நான் வித்ததே இல்லையே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மறுபடி சுருட்டிக் காலால் மிதித்து இறுக்கிக் கட்டினான். கட்டி முடிக்கும் நேரம் பார்த்துச் செவந்தி விண்ணப்பத்தையும் பேனாவையும் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. என்னிடம் சொன்னான், அக்கா, ஆத்மநாதன் வேணும்னு எழுதினாலும் கையெழுத்துப் போடுறேன், வேணாம்னு எழுதினாலும் போடுறேன், அவன் கைப்பட ஒரு பதில் வரட்டும், யாரும் வாயத் தொறக்காம இருந்தே என்னைய ஏமாத்தினது போதும் என்றான். நியாயமாகத்தான் பட்டது. இருபத்தெட்டுக்குள் உன் பதில் அவன் கைக்குப் போக வேண்டும். நீ இருபதாம் தேதி ரயில் ஏறுகிறாய். ஏறிய பிறகு எழுதலாம் என்று இருந்துவிடாதே, ஏறுவதற்கு முன் எழுது.

என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆத்தா ஆசைப்படுகிறாள், மாமன் வருத்தப்படுவார் என்று எங்களுக்காகச் சம்மதம் எழுதாதே. முகதாட்சண்யத்துக்கு வாயை மூடிக்கொண்டு நான் பட்ட பாடு எட்டு நாளோடு போயிற்று, நீ அதைச் செய்தால் ஆயுசுக்கும் இருக்கும், உன்னோடு அந்தப் பெண்ணுக்கும் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அதை மரியாதையாக எழுது. என் தம்பியோடு நான் பேசிக்கொள்கிறேன், கூடப்பிறந்தவனிடம் சண்டை போட எனக்குத் தெரியும்.

மூட்டையைப் புதுக்கோட்டை ரயிலடியில் பார்சல் போட்டாயிற்று, ரசீது இதனுள் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளி. பார்த்த காயையெல்லாம் வாயில் வைக்காதே, செடி படித்தவன் என்று செடிக்குத் தெரியாது. நம் ஊர் தெய்வங்கள் எல்லாம் உனக்கு முன்னும் பின்னும் நடந்து வரட்டும். போகிற ஊரில் தபால் பெட்டி கண்ணில் பட்டால் ஒரு கார்டு போட மறக்காதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் ஆத்தா
செங்கமலம்
(ஆத்தாவுக்காகக் கையெழுத்துப் போட்டது அமராவதி)

(அண்ணே, செவந்தி நாளைக் காலை பஸ்ஸுக்கு இலுப்பூர் போகிறாள். இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் சம்மதம் என்று எழுதினால் நீ என்ன சொல்வாய் என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்: “இப்பவே சம்மதம்னோ இல்லைன்னோ எழுத வேணாம்னு சொல்லு. மச்சான் மொதல்ல அந்தக் கம்பளியில தூங்கிப் பாக்கட்டும். உள்ள சேலை இருந்தாலும் குத்தத்தான் செய்யும். ஆனா குளிருக்கு நிக்கும். ஆறு மாசம் குத்தினப்புறமும் அது வேணும்னு தோணுச்சுன்னா வந்து என்கிட்டக் கேக்கட்டும், அப்பாகிட்ட இல்ல. நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே இன்னும் தெரியாது. தூங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்னு மட்டும் அப்பாவுக்கு எழுதச் சொல்லு. அதுவும் ஒரு பதில்தான், கையெழுத்தை நான் வாங்கிக்கிறேன்.”)